எறங்குங்கபா!

பங்குனித் திருவிழாவுக்கென்றே திறந்த புது ரெஸ்டாரன்டின் மொட்டை மாடியில், மின்விசிறி தூவிய நீர்த்திவலை சூடான பழைய தட்டோட்டுத் தரையில் பட்டுக் கிளம்பிய வாசனையில், எதிர்வீட்டுச் சரோஜா அத்தை ஞாபகம் வந்தாள். இது அவள் மாடி. வீடு கைமாறிவிட்டது, தட்டோட்டை மட்டும் அழகுக்கென்று விட்டுவைத்திருக்கிறார்கள்.

வெயில் சாய்ந்ததும் அத்தை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சூட்டைத் தணிப்பாள். தெருப்பிள்ளைகள் நாங்கள் ஈர ஓட்டில் வெறுங்காலோடு, நாதஸ்வரம் எந்த முனையில் கேட்கிறது என்று சண்டை போட்டபடி காத்துக்கிடப்போம். சாமியின் குடை தெரிந்ததும் கத்துவாள்: "எறங்குங்கபா! சாமி கீழ வந்துக்கினு இருக்குது, அது தலைக்கு மேலயா நின்னு பாப்பீங்க?" படிக்கட்டு அதிர ஓடி இறங்குவோம்.

இன்று அதே வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள்: 'சாமியை மேலிருந்து பார்த்தபடி சாப்பிடுங்கள்.' மேளம் நெருங்கியதும், ஜூஸ் உறிஞ்சிக்கொண்டிருந்த மகனும் பின்னால் வருவான் என்று எழுந்தேன்.

"இங்கேருந்தே சூப்பரா தெரியும் மேடம், உக்காருங்க" என்றான் பரிமாறுபவன்.

விறுவிறுவென்று படியிறங்கினேன். தெருவில் செருப்பைக் கழற்றி, கைகூப்பி நிமிர்ந்தால், குடைக்கும் மேலே கைப்பிடிச் சுவர் நெடுகச் செல்போன்கள். நடுவே, வாயில் ஸ்ட்ராவோடு என் மகன்.

"எறங்குடா கீழ!" மேளத்தையும் மீறிக் கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

"நகரும்மா, நீ வீடியோல வர்றே" என்றான், மேலிருந்தே.