விருப்பம் காரணமாகாது

நஸ்ரின் பானுவுக்கு மாட்டைக் கண்டால் பயம். சங்கரன்கோவில் தெருவில் ஒரு பசு எதிரே வந்தால் போதும், பக்கத்துக் கடைப்படியில் ஏறி நின்றுகொள்வாள். அப்பேர்ப்பட்டவள்தான் எங்கள் கம்பெனியின் மாட்டு மருந்துகளுக்குக் குறியீடு வாங்கித் தருகிறவள். எதிர் நாற்காலியில் கணக்கு எழுதும் நான் இதைச் சொல்லியே அவளைக் கேலி செய்வேன்.

"மருந்துக்குப் பயமில்ல யோகாக்கா. கொம்புக்குத்தான்" என்பாள்.

விலங்கு மருந்து எந்த உறுப்புக்கு, எந்த நோய்க்கு என்று சொல்லும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த அடையாளம்தான் குறியீடு. வெளிநாட்டு மையம் ஒன்று அதைத் தருகிறது. புது மருந்து என்றால் விண்ணப்பிக்க வேண்டும். வைத்த இடம் சரியில்லை என்று தோன்றினால், மாற்றச் சொல்லிக் காரணத்தோடு கேட்க வேண்டும். லேசில் மாற்ற மாட்டார்கள்.

எங்கள் காம்பு வெடிப்புக் களிம்பு தோல் மருந்துகளோடு கிடந்தது. முதலாளி ராஜதுரை அண்ணாச்சிக்கு அதை மடி மருந்துகளின் வரிசைக்குக் கொண்டுபோக ஆசை.

"அங்கன போனா நல்லா விக்கும்னு எழுதும்மா" என்றார்.

"அப்படி எழுதினா தூக்கிப் போட்டுருவாங்க அண்ணாச்சி. நமக்கு வேணுங்கிறது அங்க காரணமே இல்ல" என்றாள் நஸ்ரின்.

முதல் கோரிக்கை திரும்பி வந்தது. அவள் விடவில்லை. குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்து கால்நடை டாக்டர்களிடம் பேசி, களிம்பு பெரும்பாலும் கறவை மாட்டின் காம்புக்குத்தான் போகிறது என்பதற்குச் சான்று திரட்டி, திருத்தி மறுபடி அனுப்பினாள். அதற்குப் பிறகு காத்திருப்பு. காத்திருப்பது அவளுக்குப் புதிதல்ல.

அவள் வீட்டுக்காரர் ஆஷிக் அலி சவூதியில், தமாமில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறார். கல்யாணமான கையோடு போனவர். இடையில் லீவில் வந்ததெல்லாம் விருந்தாளி வந்துபோன மாதிரிதான். ஒரேயடியாக வரச் சொல்லிப் பேச்செடுத்தால் தங்கச்சி கல்யாணம் என்பார், மாடி கட்ட வேண்டும் என்பார், மாற்று ஆள் கிடைக்கவில்லை என்பார். கடைசியில் "பாக்குதேன்" என்று முடிப்பார். அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மதியம் சோற்றுப் பாத்திரத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவரோடு பேசிக்கொண்டே சாப்பிடுவாள். கேஸ் தீர்ந்தது, மோட்டார் ரிப்பேர், இதுதான் பேச்சு. ஏக்கமாக ஒரு வார்த்தை வராது. தூர தேசத்தில் இருக்கிற ஆளின் மனசைக் கலக்கக் கூடாது என்பது அவள் மாமியார் கதீஜம்மாளின் கண்டிப்பு. அந்தம்மாவும் புருஷனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு அப்படியே வாழ்ந்தவர்தான். போனை வைத்ததும் நஸ்ரின் மிச்சச் சோற்றை மூடிவிடுவாள்.

"தமாம்ல அவங்க படுக்கிற கட்டில்ல ஒரு தடவ போய் உக்காந்துட்டு வந்தாப் போதும்க்கா" என்றாள் ஒருநாள்.

போன மாதம் பதில் வந்தது. களிம்பு மடி மருந்துகளின் வரிசைக்கு மாறிவிட்டது. அண்ணாச்சி சந்தோஷத்தில் எல்லோருக்கும் மட்டன் பிரியாணி வாங்கித் தந்தார். நாங்கள் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஆஷிக் அலி கூப்பிட்டார். சத்தம் கேட்காது என்று அவள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவாள்.

"நஸ்ரினு, மேனேஜர்ட்ட பேசிப் பாத்தேன். வேலைய விட்டுப் போறதுன்னா காரணம் எழுதிக் குடுங்கான். நீதான் இதுல கெட்டிக்காரியாச்சே, என்ன எழுதட்டும்?"

அவளும் தொழில் புத்தியோடு ஆரம்பித்தாள். "மாமிக்கு முட்டு வலின்னு எழுதுங்க மச்சான்."

"அதுக்கு லீவு தாரேன், போயிட்டு வான்னுவான்."

"ஊர்ல கடை வைக்கப் போறேன்னு எழுதுங்க."

"இப்பவே என்ன அவசரம்னு கேப்பான்."

ஒன்று போனால் இன்னொன்று சொன்னாள். எதுவும் நிற்கவில்லை.

"சரி, அடுத்த வருசம் பாக்குதேன்" என்றார் அவர்.

நஸ்ரின் பிரியாணியைத் தள்ளி வைத்தாள். எதிரே நான் இருக்கிறேன், கதவருகே அண்ணாச்சி நிற்கிறார், எதையும் பார்க்கவில்லை.

"மச்சான், எனக்கு உங்களத் தேடுது" என்றாள். "ரொம்பத் தேடுது. அத எழுதுங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அண்ணாச்சி சத்தமில்லாமல் வெளியே போய்விட்டார்.

"இத நீ ஒருநாளும் சொன்னதில்லியே ஏட்டி" என்றார் ஆஷிக் அலி. குரல் உடைந்திருந்தது. "நீ பாட்டுக்குக் கேஸு, மோட்டாருன்னு பேசுவ. நான் இல்லாமலே பழகிட்டியோன்னு நெனச்சேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழாத," என்றார். "வாரேன்."