கண்டக்டர் படித்த லத்தீன்

என் கணவர் முப்பது வருடம் மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை கோட்டை விட்டவர். நான் மயிலாப்பூரில் ஆங்கில டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்துச் சீட்டிலிருந்து வங்கிக் கடிதம் வரை வீட்டில் எதையும் படித்து அர்த்தம் சொல்வது நான்தான். அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்த ஃபாதர், ஞாயிறு பூசைக்குப் பிறகு லத்தீன் வகுப்பு ஆரம்பித்தார். நான் பெயர் கொடுத்தேன். வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் இவரும் கூடவே வந்தார். தேர்வில் முதலில் வருபவர்தான் திருவிழாவில் லத்தீன் ஜெபத்தை மைக் முன்னால் நின்று சொல்லவேண்டும் என்றார் ஃபாதர். அந்த மைக் எனக்குத்தான் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஆண்பால், பெண்பால் பெயர்ச்சொற்களைத் தட்டுத்தடுமாறிக் கடந்தேன். மூன்றாவதாக இரண்டிலும் சேராத ஒரு பால் வந்தது. அதன் விகுதிகள் எனக்கு மண்டையில் ஏறவே இல்லை. மூன்று கலர் பேனாவில் அட்டவணை போட்டு ஃபிரிட்ஜ் மேல் ஒட்டினேன். காலையில் படித்தது மத்தியானத்துக்குள் போய்விடும்.

இவர் அந்த அட்டவணையை ஒருநாள் காபி குடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா டீச்சர் இது? மொத ரெண்டு ஸ்டாப்பும் ஒரே பேரு, கடைசி ரெண்டு ஸ்டாப்பும் ஒரே பேரு. நடுவுல ஒண்ணு மட்டும் வேற. அவ்ளோதானே கீது?"

சொல்லிவிட்டு, மந்தைவெளி, அடையாறு என்று கூவிய அதே குரலில் அட்டவணையில் இருந்த லத்தீன் சொல்லை ஆரம்பித்தார். "வெர்பும், வெர்பும், வெர்பி, வெர்போ, வெர்போ. போலாம் ரைட்!" பன்மையையும் அதே மாதிரி ஒரே மூச்சில் ஓட்டினார். ஒரு இடத்தில்கூடத் தப்பு இல்லை.

அடுத்த ஞாயிறு வகுப்பில் எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டார்கள். ஃபாதர் கைதட்டினார். எனக்கு வயிறு எரிந்தது. இத்தனை வருடம் பாடம் நடத்தியவள் நான், கைதட்டல் அவருக்கா?

தேர்வுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, நான் குளித்துவிட்டு வந்து போனைப் பார்த்தேன். ஞாயிறு அன்று வகுப்பு நடக்கும் கூடத்தில் கல்யாணம், அதனால் தேர்வு இன்று மாலை ஐந்து மணிக்கே என்று வகுப்பு வாட்ஸப் குழுவில் ஃபாதர் போட்டிருந்தார். இவரிடம் இருப்பது பட்டன் போன். குழுவில் வருவதை நான்தான் சொல்லவேண்டும். சொல்லவில்லை. அந்தச் செய்தி ஏற்கெனவே திறந்து கிடந்ததை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

மத்தியானம் அவருடைய வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கியது. நாளைய பூசைக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

"பாண்டி பஜார் வரைக்கும் போயிட்டு வரேங்க. பிளவுஸ் தெச்சாச்சாம்" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, போய்ட்டு வா" என்றார்.

தேர்வில் ஃபாதர் என்னைக் கரும்பலகைக்கு அழைத்தார். சாக்பீஸைப் பிடித்ததும் என் மூன்று கலரும் மறந்துபோயின. காதில் கேட்டதெல்லாம் இவர் கூவிய குரல்தான். அதைக் கேட்டுக் கேட்டு வரிசையாக எழுதினேன். முடிக்கும்போது 'போலாம் ரைட்' நுனிநாக்கு வரை வந்து நின்றது. நான்தான் முதல். "சார் வரலையா?" என்று ஃபாதர் கேட்டார். உடம்பு சரியில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் முன்னறையில் அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலை வாரி, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கையில் பிளவுஸ் பை இல்லை.

"நீ குளிக்கப் போனப்போ போன் சத்தம் போட்டுச்சு. நான்தான் மொதல்ல பார்த்தேன்" என்றார். "நீயே வந்து கூப்புடுவேன்னு ரெடியா உக்காந்துக்கினு இருந்தேன்."

அவர் எழுந்து சட்டையைக் கழற்றி அதே நாற்காலியில் மாட்டினார்.

"நடு ஸ்டாப்பு மறக்கலியே?" என்று கேட்டார்.

"மறக்கலை" என்றேன்.

"அப்போ சரி. மைக்குல நல்லா சத்தமா சொல்லு."

அவருக்கு இருக்கும் அந்த மனசைப் பார்த்து, வெட்கத்தோடு வெட்கமாக, அதன் மீதும் எனக்குப் பொறாமை வந்தது.