நாலாவது குரல்

இது கதை இல்லை. கதையாக இருந்தால் எழுத எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்காது. நேரங்களை நிமிஷக் கணக்கில் சொல்லியிருக்கிறேன். வண்டி ஓட்டிப் பிழைப்பவன் நான், மணி பார்ப்பது கையோடு வந்த பழக்கம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஒரே ஒரு வேண்டுகோள். என் மனைவியிடம் மட்டும் யாரும் இதைப் பற்றிக் கேட்டுவிடாதீர்கள்.

பதினொரு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். நாற்பத்திரண்டு குழந்தைகள். ஒரு நாளும் ஒரு பிள்ளையை உள்ளே மறந்து வைத்துப் பூட்டியதில்லை. கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட பிறகு, பின் சீட் வரை நடந்து போய், ஒவ்வொரு சீட்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைப் பூட்டுவேன். எங்கள் வேலையில் அது விதி.

குடும்பத்தோடு போகும்போது அந்த நடை கிடையாது. அதற்குப் பதில் எண்ணிக்கை. கிளம்பும் முன் "எண்ணு" என்பேன். மனைவி "ஒண்ணு" என்பாள். பதினான்கு வயது மூத்தவள், ஏதோ எனக்கு உதவி செய்வதுபோல் "ரெண்டு" என்பாள். மச்சான் "மூணு". சின்னவள் "நாலு". நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். குரல் வந்துவிட்டால் ஆள் வந்தாயிற்று.

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சின்னவளுக்கு ஏழு வயது. வீட்டில் மிளகு என்று கூப்பிடுவோம். ஆள் அத்தனூண்டு, காரம் அவ்வளவு. மச்சான் "மூணு" சொல்ல வாயைத் திறப்பதற்குள் "நாலு!" என்று கத்திவிடுவாள்.

"எனக்கு முன்னாடி நீ எப்படிடீ நாலு ஆவ?" என்பான் மச்சான்.

"நீங்க லேட்டு மாமா!"

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவன். வேலை நேரத்தில் ஊரார் வாயைத் திறக்கச் சொல்லுவான். மற்ற நேரத்தில் தன் வாயை மூட மாட்டான்.

நாலு நாள் விடுமுறை. முதல் இரண்டு நாள் தீம் பார்க். மூன்றாம் நாள் வாடகை வண்டியில் நாங்களே ஓட்டிக்கொண்டு வனப் பூங்கா. நாலாம் நாள் மறுபடி தீம் பார்க். நுழைவாயிலிலேயே ஆளுக்கு ஒரு ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பட்டையைக் கையில் மாட்டி அழுத்தினார்கள். மாட்டினால் கழற்ற முடியாது. கடைசி நாள் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். தொழில் புத்தி, மிளகின் பட்டையில் பேனாவால் என் போன் எண்ணை எழுதினேன். பக்கத்தில் மச்சான் கொட்டை எழுத்தில் 'நாலு' என்று எழுதி வைத்தான்.

முதல் நாளே ஒரு அழுகை. பெரிய ரோலர் கோஸ்டருக்கு முன்னால் உயரம் பார்க்கும் கம்பம் நிற்கும். அதில் ஒரு சிவப்புக் கோடு. தலை கோட்டைத் தொட்டால்தான் உள்ளே விடுவார்கள். அங்கே நின்ற பெண் மிளகின் தலையில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"மூணு விரல் குறையுதே தங்கம்."

மிளகு குதிகாலைத் தூக்கினாள். அப்படியும் எட்டவில்லை. ஒரே ஆர்ப்பாட்டம்.

"விடு, நாலாம் நாள் திரும்ப வருவோம்ல. அதுக்குள்ள வளர்ந்துடு," என்றான் மச்சான்.

அந்த வார்த்தையை அவன் சொல்லியிருக்க வேண்டாம்.

மூன்றாம் நாள். வனப் பூங்காவில் முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஒரு வழிப் பாதை. வேகம் முப்பதைத் தாண்டக் கூடாது. மூன்று இடங்களில் மட்டும் இறங்கலாம். நுழைவாயிலில் ஒரு மஞ்சள் அட்டையில் 'ஐந்து பேர்' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆறு மணிக்குள் மறுமுனையில் கொடுத்துவிட வேண்டும்.

வண்டியில் மூன்று வரிசை. முன்னால் நானும் மச்சானும். நடுவில் மனைவியும் மூத்தவளும். கடைசி வரிசை முழுக்க மிளகின் ராஜ்ஜியம். பைகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்வாள். குள்ளம் என்பதால் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பைகள் மட்டும்தான் தெரியும். ஆனால் வாய் ஓயாது, அதனால் கவலை இல்லை.

பதினேழாவது கிலோமீட்டரில் ஒரு ஏரி. இறங்கினோம். ஒரு காவலர் அறை, பக்கத்தில் கழிப்பறை, அவ்வளவுதான். எங்களைத் தவிர வேறு வண்டி இல்லை. தண்ணீர் மேலிருந்து பனி கிளம்பிக் கரைக்கு வந்தது. குளிரவே அவசரமாக ஏறினோம். கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

மணி 4:32.

"எண்ணு."

"ஒண்ணு."

"ரெண்டு."

"மூணு."

...

"நாலு."

கிளப்பினேன்.

"பரவாயில்லையே, இன்னைக்குத்தான் எனக்கு மரியாதை குடுத்திருக்கா," என்றான் மச்சான்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

ஐந்து நிமிஷம் போயிருக்கும். பின்னாலிருந்து ஒரு பேச்சில்லை. மான் கூட்டம் ஒன்று சாலையோரம் நின்றது. எங்கள் வண்டியைப் பார்த்ததும் தலையைத் தூக்கியது. முன்பக்கம் கடந்தபோது அசையவில்லை. பின்பக்கம் கடந்தபோது சிதறி ஓடியது.

"மிளகு, மான் பாத்தியா?" என்றாள் மனைவி.

"பாத்தேன்."

"பிஸ்கட் வேணுமா?"

"வேணாம்."

மனைவி என்னைப் பார்த்தாள். மிளகு பிஸ்கட் வேண்டாம் என்று சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

"தூக்கம் வருது போல," என்றேன்.

4:46. வண்டிக்குள் ஈர இலை வாடை. ஏசியை அணைத்தேன். வாடை போகவில்லை. பின் கண்ணாடி மட்டும் உள்பக்கமாக மூடுபனி போல வெளுத்திருந்தது.

4:51. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சின்னச் சின்ன விளக்குகள் உண்டு. எந்த சீட்டில் ஆள் இருக்கிறதோ, அந்த சீட்டுக்கான விளக்கு எரியும். எண்ணினேன். நாலு எரிந்தது.

நாங்கள் ஐந்து பேர்.

கடைசி வரிசை விளக்கு அணைந்திருந்தது.

'எடை குறைவு, அதனால் காட்டவில்லை' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் காலையிலிருந்து எரிந்துகொண்டுதானே இருந்தது?

"மிளகு... பெல்ட் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

பின்பார்வைக் கண்ணாடியை நிமிர்த்திப் பார்த்தேன்.

நடு சீட்டுக்கு மேலே, பைகளுக்கு நடுவே, ஒரு உச்சந்தலை தெரிந்தது. நேர் வகிடு. நனைந்த முடி.

காலையிலிருந்து ஒரு தடவைகூடக் கண்ணாடியில் தெரியாத தலை.

4:57. வண்டி ஒரு மேட்டில் ஏறியது. அதுவரை இல்லாத சிக்னல் வந்தது. போன் அடித்தது. தெரியாத எண். வண்டியின் ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"அப்பா..."



"அப்பா, நான் பாத்ரூம்ல இருந்தேன். என்னை விட்டுட்டுப் போயிட்டீங்க. கத்தினேன்ப்பா. பின்னாடி கண்ணாடில யாரோ கை காட்டினாங்க... யாருப்பா அது?"

மிளகின் குரல்.

கடைசி வரிசையிலிருந்து, யாரும் கேட்காமலே...

"நாலு."

பிரேக்கை மிதித்தேன்.

மூத்தவள் அலறினாள். மனைவி திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை என்று பிறகு சொன்னாள்.

இறங்கக் கூடாத இடம். இறங்கினேன். பின்பக்கம் ஓடினேன். கதவைத் தூக்கினேன்.

பைகள்.

காலி சீட்.

பெல்ட் மாட்டியிருந்தது. வெறும் காற்றைச் சுற்றி. இறுக்கமாக.

சீட்டைத் தொட்டேன். சொதசொதவென்று ஈரம்.

வண்டியைத் திருப்பினேன். ஒரு வழிப் பாதையில் எதிர்த் திசையில் ஒன்பது கிலோமீட்டர்.  

5:11. ஏரி. காவலர் அறைக்குள் ஸ்டூலில் மிளகு உட்கார்ந்திருந்தாள். காவலர் நடுத்தர வயதுப் பெண். தன் மழைக்கோட்டை அவளுக்குப் போர்த்திவிட்டிருந்தார். மனைவி ஓடிப் போய் வாரி அணைத்துக்கொண்டு கதறினாள். மிளகு அழவில்லை.

"எண்ணிப் பாத்துட்டு எடுக்க மாட்டீங்களா சார்?" என்றார் காவலர்.

"எண்ணினேம்மா. எல்லாரும் பதில் சொன்னாங்க."

அவர் முகம் மாறியது. ஏரியைப் பார்த்தார்.

"போன தடவை இப்படிக் குழந்தையை விட்டுட்டுப் போனவங்களும் இதையேதான் சொன்னாங்க."

"அந்தக் குழந்தை...?"

"கிடைச்சுது. கூட்டிட்டுப் போயிட்டாங்க." பிறகு, கேட்காமலே சொன்னார். "உங்க பொண்ணை நான் தனியா விடல. பட்டைல இருந்த நம்பரைப் பார்த்து உங்களுக்குப் போன் போட்டுக் குடுத்துட்டு, கேட்டைப் பூட்ட அஞ்சு நிமிஷம் போனேன், அவ்ளோதான். வந்து பார்த்தா அதே ஸ்டூல்லதான் இருந்தா."

கிளம்பினோம். மிளகு மனைவியின் மடியில். மூத்தவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஏய், கண்ணாடில யார்டி கை காட்டினது?"

"யாரும் இல்ல."

6:02. மறுமுனைக் காவலர் மஞ்சள் அட்டையை வாங்கி, டார்ச் அடித்து எங்களை எண்ணினார். ஐந்து. சரி என்று கை அசைத்தார்.

அன்றே ஊர் திரும்பலாம் என்றேன். மிளகுதான் விடவில்லை. "ரோலர் கோஸ்டர்," என்றாள். அதை மட்டுமே சொன்னாள்.

நாலாம் நாள் நுழைவாயிலில் அவள் கையைப் பார்த்தார்கள். ஆரஞ்சுப் பட்டை இல்லை. எங்கேயோ அறுந்து விழுந்திருக்கும் என்று புதிதாக ஒன்று மாட்டினார்கள். 10:20க்கு அதே கம்பத்தின் முன் நின்றோம். அதே பெண். மிளகின் தலையில் கை வைத்தாள். கோட்டைப் பார்த்தாள். மறுபடி தலையைப் பார்த்தாள்.

"அட! தாராளமாப் போகலாம். என்னம்மா, மூணு நாள்ல இப்படி வளர்ந்துட்ட!"

சிவப்புக் கோடு மிளகின் நெற்றிக்கு நேராக இருந்தது.

மச்சான் என்னைப் பார்த்தான். 

"அன்னைக்கு சரியா நிக்கலை. குதிச்சுக்கிட்டே இருந்தா," என்றாள் மனைவி. "பிள்ளைங்கன்னா வளரத்தான் செய்யும். வாங்க." அதற்குப் பிறகு இந்தப் பேச்சை எடுக்க அவள் யாரையும் விடுவதில்லை.

ஊருக்கு வந்துவிட்டோம். மிளகு சமர்த்தாக இருக்கிறாள். கொடுத்ததைச் சாப்பிடுகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். வெளியே கிளம்பும்போது எண்ணுகிறோம். மச்சான் "மூணு" சொல்லி முடித்து, கொஞ்ச நேரம் கழித்து, "நாலு" என்கிறாள்.

குழந்தை பயந்திருக்கிறது, சரியாகிவிடும் என்றுதான் நானும் இருந்தேன். போன புதன்கிழமை வரை.

அன்று மாலை கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு, பேருந்தை ஓரமாக நிறுத்தி, பின் சீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. அந்தக் காவலர்.

மணி 4:32.

"சார், உங்க நம்பர் எழுதின ஆரஞ்சுப் பட்டை ஒண்ணு கிடைச்சுது. 'நாலு'ன்னு எழுதியிருக்கு."

"எங்கம்மா?"

"ஸ்டூல் இருந்துச்சுல்ல, அதுக்குப் பின்னாடி, சுவரோரமா. அதில்ல சார் விஷயம்..." குரல் இறங்கியது. "இது வெட்டவே இல்ல. அறுபடவும் இல்ல. மாட்டினது மாட்டினபடி வளையமா இருக்கு. என் ரெண்டு விரல்தான் நுழையுது. பாப்பா கையிலேர்ந்து எப்படி சார் வந்துச்சு?"



"அங்க கூட யாராவது இருக்காங்களாம்மா?"

"இல்ல சார். நான் மட்டும்தான்."

ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போனை வாயருகே கொண்டு போனேன்.

"எண்ணு."

"என்ன சார்?"

ஒண்ணு சொல்ல யாரும் இல்லை. ரெண்டு சொல்ல யாரும் இல்லை. தண்ணீர் கரையில் மோதும் சத்தம் மட்டும்.

மூணு வரும் வரை காத்திருக்காமல்...

"நாலு!"