பிரிண்டர் துளையில் பேசிய தராசு

வெள்ளைத்துரைக்குச் சங்கையா தர வேண்டியது ஐந்து மாதக் கடை வாடகை, மூவாயிரம் ரூபாய். சிவகாசியில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் பார்க்கும் கடை. கட்டடம் வெள்ளைத்துரையுடையது. பின்பக்கம் அவருடைய அச்சாபீஸ் கழிவுத்தாள் குடோன்.

2003 ஐப்பசி இடியில் குடோன் கம்ப்யூட்டரில் தராசை மாட்டும் துளை செத்துப்போனது. காலண்டர் சீசன்; லோடு லோடாக எடை போட வேண்டிய நேரம். மதுரையிலிருந்து வந்த ஆள், வேறு கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லிவிட்டுப் போனான்.

பக்கத்திலேயே பிரிண்டர் துளை சும்மாதானே கிடக்கிறது என்றார் சங்கையா.

வெள்ளைத்துரைக்குச் சிரிப்பு. "அஞ்சாப்புப் படிச்சுட்டு மதுரக்காரனுக்கே பாடம் எடுக்கீகளாண்ணே?"

"ரெண்டு நாள் தாங்க. ஓடலைன்னா கடையக் காலி பண்ணிருதேன்."

படிப்பு அஞ்சாப்புதான். ஆனால் அவர் கை திறந்து பார்க்காத பெட்டி அந்தத் தெருவில் கிடையாது. கம்ப்யூட்டருக்கு உத்தரவு எழுதும் 'பேசிக்' மொழியையும் பழைய புத்தகம் ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்தே பிடித்தவர். பிரிண்டர் துளையில் எட்டுக் கம்பி சேர்ந்து ஒரு எழுத்தை ஒரே மூச்சில் தள்ளும். தராசோ ஒற்றைக் கம்பியில் ஒவ்வொன்றாக விடும், சரவெடி கணக்காக. தாள் தீர்ந்துவிட்டதென்று பிரிண்டர் சொல்ல ஒரு கம்பி உண்டு. அதைக் கம்ப்யூட்டர் காது கொடுத்துக் கேட்கும். தராசையும் அதிலேயே பேச விட்டால் என்ன?

தராசு அனுப்பும் கரண்டு அந்தக் கம்பிக்கு ஜாஸ்தி. அதனால் நடுவில் சின்ன ஐசி ஒன்றைப் பற்றவைத்தார். அந்தக் கம்பியில் வருவதைக் கேட்டு எழுத்தாக்க பேசிக்கில் ஒரு உத்தரவும் எழுதினார். நாற்பது கிலோ படிக்கல்லை ஏற்றினால் திரையில் கோழி கிளறியது போல ஏதேதோ எழுத்து. முதல் நாள் முழுக்க அதே கூத்து.

மறுநாள் மத்தியானம்தான் உறைத்தது. எம். புதுப்பட்டியில் பட்டாசுச் சரம் பின்னிய காலத்தில் வெடிச்சத்தத்தை எண்ணிப் பார்ப்பார். வேகத் திரி என்றால் எண்ணிக்கை தப்பும், மந்தத் திரி என்றால் தப்பாது. தராசின் பொத்தானை அமுக்கி, நொடிக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு துடிப்பு என்றிருந்த வேகத்தை முந்நூறாக இறக்கினார். தன் உத்தரவிலும் அப்படியே மாற்றினார்.

திரையில் 40.0.

நம்பாமல் வெள்ளைத்துரையே தராசில் ஏறினார். 91.5.

"எறங்குங்க அண்ணாச்சி, தராசு தாங்காது."

வெள்ளைத்துரை வாடகையைக் கழித்துக்கொள்ளலாம் என்றார். வேலையில் இறங்கும்போதே கூலி நாலாயிரம் என்று சொல்லியிருந்தார் சங்கையா.

"கூலி வேற, வாடகை வேற. மொதல்ல கூலியக் குடுங்க."

வாங்கிய நூறு ரூபாய்த் தாள்களில் பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மிச்ச முப்பதையும், வெள்ளைத்துரையின் கையை விரிக்கச் சொல்லி, அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.