தை வெள்ளியில் மீன் குழம்பு

எங்கள் பாட்டி அளவுக்கு நாக்கைக் கட்டியவர் சேலையூரில் அப்போது வேறு யாரும் இருந்திருக்க முடியாது. வெள்ளிக்கிழமை அம்மனுக்கு, சனிக்கிழமை பெருமாளுக்கு, கிருத்திகை முருகனுக்கு, அமாவாசை செத்துப்போன தாத்தாவுக்கு. இது போதாதென்று புரட்டாசி முழுசாக, மார்கழி முழுசாக. இத்தனையும் போக மிச்சமிருக்கும் நாட்களில் மீன் என்றால் உயிரை விடுவார். குழம்பில் கிடக்கும் தலை பாட்டிக்குத்தான். அதில் பங்கு கேட்டு அப்பாவே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்டவருக்கு உயிர்த்தோழியாக வாய்த்ததும் ஒரு மீன்கார அம்மாதான். நாங்கள் மீன்கார ஆயா என்போம். கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கூடையோடு பஸ் ஏறி, கேம்ப் ரோட்டில் இறங்கி, தெருத்தெருவாக விற்றுக்கொண்டு கடைசியில் எங்கள் வீட்டுக்கு வருவார். கூடையை வெளிக்குழாயடியில் வைத்துவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு வராந்தாவில் உட்காருவார். பாட்டி இரண்டு டம்ளரில் காப்பி கொண்டுவருவார். அப்புறம் வெற்றிலை. மருமகள்களைப் பற்றி இருவரும் பேசுவார்கள்; எங்கள் அம்மா அந்தப் பக்கம் வந்தால் பேச்சு விலைவாசிக்குத் தாவும். அப்பாவின் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இது நடக்கிறதாம். வெள்ளிக்கிழமை பாட்டி மீனைத் தொடமாட்டார் என்று தெரிந்தும் ஆயா வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் போவார். கெங்கையம்மன் கோயில் குங்குமத்தைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து தருவார். மார்கழியில் பாட்டி அவருக்குக் கோயில் பொங்கலைத் தொன்னையோடு எடுத்து வைத்திருப்பார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோதுதான் சுனாமி வந்தது. மார்கழி மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் டிவியில் பார்த்தோம். மூன்றாம் நாள் பாட்டி ஒரு பையில் புடவைகளைத் திணித்துக்கொண்டு, யார் சொல்லியும் கேட்காமல், தனியாக ஆயாவின் குப்பத்துக்கு பஸ் ஏறிப் போனார். சாயங்காலம் பையில்லாமல் திரும்பி வந்து, அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"கரையில வலை பாத்துக்கிட்டு இருந்த அவ மூத்த பையன் இன்னும் கெடைக்கலியாம்."

திருவிழாவில் தொலைந்துபோகிறவர்களை மைக்கில் கூப்பிட்டதும் கிடைத்துவிடுவார்கள் அல்லவா, அந்த மாதிரி நானும் நினைத்துக்கொண்டேன். கிடைத்துவிட்டானா என்று பிறகு கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பொங்கல் கழிந்தும் எங்கள் தெருவில் மீன் வாசனையே இல்லை. கடலில் போனவர்களை மீன் தின்றுவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பா தன் ஆபீசில் கேட்டுக்கொண்டு வந்து, "சித்திரை வரைக்கும் இந்த வீட்டுக்குள்ள மீன் வரக்கூடாது" என்று உத்தரவு போட்டார். என் வகுப்பில் ஒருத்தி இன்னும் ஒரு படி மேலே போனாள். அவளுடைய மாமாவுக்குத் தெரிந்தவர் வீட்டில் மீனை அறுத்தால் வயிற்றில் தங்க மோதிரம் இருந்ததாம். பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. எங்கள் வீட்டு மீனில் இதுவரை ஒரு பித்தளை மோதிரம்கூட வந்ததில்லையே என்று எனக்குக் குறை.

தை மாதத்து மூன்றாம் வெள்ளியன்று வயிற்றுவலி என்று புளுகி நான் பள்ளிக்கு மட்டம் போட்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட்டார்கள். பாட்டி தலைக்குக் குளித்து விளக்கேற்றி, ஒருபொழுது சாப்பாட்டுக்கு இலையைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட் சத்தம் கேட்டது. மீன்கார ஆயா.

ஆள் பாதியாக இளைத்திருந்தார். கூடை மட்டும் நிறைந்திருந்தது. இந்த வீட்டுக்கு வரும்போது அவர் கூடை நிறைந்திருந்து நான் பார்த்ததே இல்லை.

"விக்க வர்லக்கா. வெள்ளிக்கெழமன்னு தெரியும். சும்மா உன்ன பாத்துட்டுப் போலாம்னுதான்," என்றார் ஆயா. பாட்டி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "ஒரு வூட்லயும் கதவே தொறக்கல. இந்த தெருவுல ஒர்த்தி என் மூஞ்சிக்கி நேரா ஜன்னல சாத்துறா. எல்லாம் பேஜாரா கீது. நான் இன்னாக்கா பண்ணேன்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்க்குப் பூட்டு எது?

"ஆயா, மீன் எல்லாம் பொணத்தத் தின்னுச்சாமே? வயித்துல மோதிரம் இருக்குமாமே? உங்க மீன்ல இருந்துச்சா?"

பாட்டி என்னை அடிக்கக் கை ஓங்கினார். ஆயா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்துப் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்.

"தெர்ல கண்ணு. ஒவ்வொரு மீனா அறுக்கசொல்ல நானும் பாத்துனுதான் கீறேன். இன்னும் ஒண்ணும் ஆப்டல."

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. பாட்டி கூடையை எட்டிப் பார்த்தார். பிறகு எழுந்த குரல் சண்டைக்காரக் குரல்.

"நாலு சங்கரா எடுடி. அறுத்துக் குடு."

"அக்கா, தை வெள்ளிக்கா!"

"எனக்குத் தெரியாதா? அறு."

ஆயா அறுத்தார். பாட்டி பின்கட்டில் மீன் சட்டியை அடுப்பில் ஏற்றிப் புளி கரைத்தார். எனக்குத் திகில். பூஜை அலமாரி திறந்தே கிடந்தது, உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாட்டி அதைச் சாத்தப் போனார். கதவில் கை வைத்தவர், என்ன நினைத்தாரோ, எடுத்துவிட்டார்.

"பாக்கட்டும்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

கழுவி வைத்த அதே இலையில் சோறு போட்டுக்கொண்டு, ஆயாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து பாட்டி சாப்பிட்டார். தலையை எடுத்து, முள்ளெல்லாம் உறிஞ்சி, மற்ற நாளில் சாப்பிடுகிற மாதிரியே சாப்பிட்டார். ஆயா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் சுனாமி வந்த நாளிலிருந்து கவுச்சியை வாயில் வைக்கவில்லையாம். கடைசியில் கையை நீட்டினார்.

"ஒரு வாய் குடுக்கா."

பாட்டி சோற்றைப் பிசைந்து அந்த உள்ளங்கையில் வைத்தார். ஆயா மென்று விழுங்கிவிட்டு, "உப்பு கம்மி," என்றார். வெள்ளிக்கிழமைச் சமையலைப் படைக்கும்வரை ருசி பார்க்கக்கூடாது. அந்தப் பழக்கத்தில் பாட்டி இதையும் ருசி பார்க்காமலே இறக்கிவிட்டார் போலிருக்கிறது. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று நான் கவனிக்கவில்லை. மிச்ச மீனில் மோதிரம் தேடிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் போட்டுக்கொடுத்தேன். "அப்பா, பாட்டி இன்னிக்கு மீன் சாப்ட்டாங்க! தை வெள்ளி!" அப்பா கத்துவார் என்று ஆவலோடு காத்திருந்தேன். "ஆமா, சாப்ட்டேன். அவ வந்திருந்தா," என்றார் பாட்டி. அப்பா பாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். இவ்வளவு பெரிய குற்றத்துக்கு ஒரு அதட்டல்கூட இல்லையே என்று எனக்கு அநியாயமாகப் பட்டது. ஆயாவிடம் நான் கேட்ட கேள்வியை அப்பாவிடம் சொல்லவில்லை. மறைக்கவில்லை. அது சொல்லத்தக்க விஷயம் என்றே தோன்றவில்லை.

மறுநாள் காலையில் பாட்டி எழுந்து வந்தபோது கண்கள் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. தப்பு செய்தால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே பாட்டிதான். சாமி குத்தியே விட்டது.

ஓடிப்போய்ப் பூஜை அலமாரியின் முன்னால் நின்று, பாட்டியை இந்த ஒரு தடவை மன்னித்துவிடும்படி வேண்டி, பத்து முறை கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பத்தும் பாட்டிக்காகத்தான். எனக்காக ஒன்றுகூடப் போட்டுக்கொள்ளவில்லை. நான்தான் ஒரு தப்பும் செய்யவில்லையே.