பிஸ்கட் தகரத்துக்குள் அம்மா

பிரெஞ்சு வகுப்பில் எனக்குக் கிடைத்த தலைப்பு, முகப்படத்தைக் கலையாக்கிய ஒரு முன்னோடிப் பெண். கமரா புதிதாக வந்த காலம். முகம் பளிச்சென்று விழாவிட்டால் அது படமே இல்லை என்று மற்றவர்கள் சிரிக்க, அவள் பாதி முகத்தை நிழலில் விட்டாளாம். வீட்டு வேலைக்காரியையும் அரசி போல இருத்தி, நிமிடக்கணக்கில் அசையவிடாமல் எடுத்தாளாம். கேட்ட சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நானும் அப்படி ஒன்று எடுத்தே தீருவேன் என்று குதித்தேன்.

நீல பிஸ்கட் தகரத்தில் ஊசித்துளை போட்டு, ஒளி பட்டால் கறுக்கும் தாளை உள்ளே வைத்தால் அதுதான் கமரா. ஆசிரியை தந்தது இரண்டே தாள். மறுநாள் படம் வேண்டும்.

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியிருந்த கோட்-டெ-நெய்ஜ் வீட்டுப் பல்கனியில் அம்மாவை இருத்தினேன். பட்டுச்சேலை, பவுடர், சங்கிலி. ஊருக்கு அனுப்பும் படங்கள் எல்லாமே அப்படித்தான். நாலு நிமிடம் சிலையாக இருந்தார். தகரத்தை மேசையில் வைத்துவிட்டுத் துள்ளிக்கொண்டு குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், அம்மா வேலைச் சீருடையில், திறந்த தகரத்தோடு நிற்கிறார்.

"பொத்தான் கழண்டிட்டுது. ஊசி எடுக்கத் திறந்தனான்…"

எங்கள் வீடுகளில் நீலத் தகரம் என்றால் ஊசி நூல்தான். அவசரத்தில் கை பழக்கத்துக்குப் போய்விட்டது. வெளிச்சம் பட்டு உள்ளே இருந்த படம் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில் கத்தினேன். அழவும் செய்தேன்.

"பேந்து எடுப்பம், பிள்ளை."

"நாளைக்கு வேணும், அம்மா. இப்பவே இருங்கோ."

"இந்த உடுப்போடயோ? ஊரில அக்கா கண்டால்?"

ஆஸ்பத்திரியில் வேலை என்று மட்டும்தான் ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்குச் சொல்லியிருந்தார். என்ன வேலை என்று எட்டு வருடமாகச் சொல்லவில்லை.

என் முகத்தைப் பார்த்தார். போய்க் கதிரையில் இருந்தார். யன்னலில்லாத குளியலறையில் விளக்கை அணைத்து, கடைசித் தாளைத் தகரத்தில் போட்டுக்கொண்டு ஓடி வந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகியும் அவர் அசையவில்லை.

பள்ளி இருட்டறையில், கறுப்பு வெள்ளை மாறி விழுந்திருந்த படத்தை ஆசிரியை வேறொரு தாளில் நேராகப் பதித்தார். அதில், மருந்துத் தண்ணீருக்குள் அம்மா மெல்ல மெல்லத் தெரிந்தபோது நான் கூவியே விட்டேன். பாதி முகம் வெயில், பாதி நிழல், பொத்தான் கழன்ற இடத்தைப் பொத்திய கை. அரசியேதான்!

வகுப்பில் காட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா நெடுநேரம் பார்த்தார். கிழித்துவிடுவாரோ என்று பயந்து பக்கத்திலேயே நின்றேன். அவர் போனை எடுத்து அதைப் படம் பிடித்தார். பெரியம்மாவுக்கு அனுப்பிவிட்டுக் குரலும் பதிந்தார்.

"அக்கா, இது நான்தான். ஆஸ்பத்திரி துடைக்கப் போற நேரம் மகள் எடுத்தவள். வடிவா இருக்கிறனோ?"