மூன்று தரம் சுகமான வீக்கம்

இந்தச் சபையில் ஒரே சுகத்துக்கு மூன்று தரம் சாட்சி சொன்னவள் நான் ஒருத்திதான். இது நாலாவது. பயப்படாதீர்கள், இதுதான் கடைசி.

2008ஆம் ஆண்டு. என் வீட்டுக்காரர் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் மூட்டை இறக்கப் போய், வாரத்துக்கு ஒரு தடவைதான் உக்குவளை வீட்டுக்கு வருவார். வீட்டில் நானும் எங்கள் நாலு வயது மகன் ஸ்டீபனும்தான். ஒரு நாள் அவனைக் குளிப்பாட்டும்போது தொடை இடுக்கில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு வீக்கத்தைக் கண்டேன். வலிக்கவில்லை என்றான். ஆஸ்பத்திரிக்குப் போனால் கத்தி வைப்பார்களே என்று பாஸ்டரிடம் ஓடினேன்.

பாஸ்டரும் சகோதரிகளும் வந்தார்கள். பிள்ளையைப் பாயில் படுக்கவைத்து, சுற்றி முழங்காலிட்டு ஒரு மணி நேரம் ஜெபித்தோம். அவன் தூங்கிப்போனான். கண்ணைத் திறந்து பார்த்தால் வீக்கத்தைக் காணோம். ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொன்னேன். சபையே கைதட்டியது. அந்த உற்சாகத்தில் என் மகனும் உட்காரும் வாங்கின்மேல் ஏறிக் குதித்து அல்லேலூயா போட்டான். வீட்டுக்கு வந்து காற்சட்டையைக் கழற்றினால், வீக்கம் பழைய இடத்திலேயே இருக்கிறது.

என் விசுவாசம்தான் போதவில்லை என்று உபவாசம் இருந்தேன். மறுபடியும் பாய், ஜெபம், தூக்கம். மறுபடியும் காணோம். மறுபடியும் சாட்சி. வீக்கம் திரும்ப வந்தது; மூன்றாவது தரமும் அதே ஜெபம், அதே சாட்சி. மூன்றாவது தரமும் அது திரும்பி வந்தபோது நான் வாயைத் திறக்கவில்லை. சொன்ன வாயால் எப்படி மாற்றிச் சொல்வது? பிள்ளைக்குத் தொளதொளவென்று காற்சட்டை தைத்துப் போட்டு ஐந்து மாதம் மறைத்தேன். என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஒரு மழை நாள் காலையில் ஸ்டீபன் அலறினான். வீக்கம் சிவந்து கல் மாதிரி இருந்தது. வாந்தி எடுத்தான். படுக்கவைத்து ஜெபித்தேன். இந்தத் தடவை அது உள்ளே போகவில்லை.

பக்கத்து வீட்டு நிஸார் நானா மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போகத் தன் த்ரீவீலை எடுத்து எங்களை ஏற்றினார். "அழாம புள்ளையக் கெட்டியாப் புடிச்சிக்கிங்க தங்கச்சி" என்றார். வழியில் சோதனைச் சாவடி. ஆமிக்காரர் அடையாள அட்டை கேட்டார். அவசரத்தில் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அந்த யுத்த காலத்தில் தமிழ்ப் பொம்பிளை அட்டை இல்லாமல் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்த சிங்களமும் எனக்கு மறந்துபோனது. ஐந்து மாதம் மறைத்ததை, பிள்ளையின் காற்சட்டையைக் கழற்றி அவருக்குக் காட்டினேன். பையனைப் பார்த்தவர், "யன்ன, யன்ன" என்று தடுப்பைத் தானே தூக்கி எங்களைப் போகச் சொன்னார்.

மிச்ச வழியெல்லாம் ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, சபை என்னைப் பொய்க்காரி என்று சிரிக்கட்டும். பிள்ளையை மட்டும் எனக்கு விட்டுவையும்."

மாத்தளை ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து வீக்கத்தை மெல்ல உள்ளே தள்ளி, மறுநாள் கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கத்தி வேண்டாம் என்று கேட்ட எனக்கு ஆண்டவர் அனுப்பிய ஆளைப் பாருங்கள்: நெற்றி நிறையத் திருநீறு பூசிய யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா. அவரிடம் மூன்று சாட்சிக் கதையையும் ஒப்புக்கொண்டேன்.

"ஜெபிக்கேக்க பிள்ளையைப் படுக்கவைச்சனீங்களோ?" என்று கேட்டார்.

"ஆமாங்க டொக்டர்."

"இது குடலிறக்கம் அம்மா. படுத்தால் குடல் உள்ளுக்குப் போகும், குதிச்சால் வெளியில வரும். பிறக்கேக்க மூட வேண்டிய வழி மூடேல்ல." சிரிப்பை ஃபைலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "வயித்தில மூண்டு சின்ன ஓட்டை போட்டு, கமராவால பாத்துத் தைப்பம். நீங்கள் ஜெபியுங்கோ, நான் தைக்கிறன்."

அப்படியே செய்தோம். உள்ளே கமராவை விட்டுப் பார்த்தபோது மற்றப் பக்கத்து வழியும் திறந்திருந்ததாம். அதையும் சேர்த்துத் தைத்துவிட்டார். நான் ஒரு பக்கத்துக்குத்தான் கேட்டேன், ஆண்டவர் இரண்டையும் மூடினார். மூன்றாம் நாள் ஸ்டீபன் வாட்டுக்குள் ஓடி, தாதியிடம் ஏச்சு வாங்கினான். அந்த ஏச்சைக் கேட்டு எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

அடுத்த ஞாயிறு எழுந்து, என் மூன்று சாட்சியும் தப்பு என்று மட்டும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் கடைசி வரிசையில் இருக்கும் செல்வி, மூன்று வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, எம் புள்ளைக்கும் வெதப்பையில வீக்கமுங்க. ஒங்க புள்ளைக்கு மூணு தரம் சொகம் குடுத்தவரு எம் புள்ளைக்குக் குடுக்கலியே, நான் என்ன பாவம் செஞ்சேனோன்னு யாருகிட்டயும் சொல்லல."

என் சாட்சி அந்தத் தாயை என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மேடையில் அழாத அழுகையை அங்கே நின்று அழுதேன். மறுநாளே அவளைக் கண்டிக்குக் கூட்டிப்போனேன். அந்தப் பிள்ளைக்கும் அதே டொக்டர் அம்மா தைத்தார்.

தாய்மாரே, ஜெபத்தைக் கேட்கிறவர் கேட்கிறார். அவர் யார் கையால் பதில் தருவார் என்பதை மட்டும் நாம் தீர்மானிக்க வேண்டாம். பிள்ளையின் வீக்கத்தைக் கண்டால் முழங்காலிடுங்கள், பிறகு எழும்பி டொக்டரிடம் போங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். நானும் கூட வருகிறேன்.